அல்பேட்டின் மண்டி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஒளித்து வைத்ததாக யாரும் கோபிக்க வேண்டாம். ஒரு பாலப்பத்திலிருந்து வந்தது. மொன்ட்ரியால்-நோரில் ஹென்றி அண்ணை வீட்டுச் சமையலறையில், இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு சனவரியில் ஒரு ஞாயிறு மதியம், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்றாவது அப்பம் அது. ஓரம் நல்ல முறுகல். அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் போய்விட்டது. கதை இன்னும் முடியவில்லை.

முடியாததற்குக் காரணம் கேட்டால் களைப்பு என்பேன். டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் பின்கட்டில் வெங்காயம் உரித்துவிட்டு வருகிறவனிடம் இலக்கியம் கேட்கக் கூடாது. மேசையில் உட்கார்ந்தால் முதலில் முதுகு பேசுகிறது, பிறகு முழங்கால். கதைமாந்தர்களுக்கு முறை வரும்போது நான் தூங்கியிருப்பேன்.

ஆனாலும் மூன்று தொடக்கங்கள் எழுதி வைத்திருக்கிறேன்.

"பனி பெய்துகொண்டிருந்தது." [அடித்துவிட்டேன். கனடாவிலிருந்து தமிழில் கதை எழுதும் எல்லோரும் பனியில்தான் தொடங்குகிறோம். படிக்கிறவர்களுக்கு ஜலதோஷம் பிடித்திருக்கும்.]

"அல்பேட் இறந்து ஒரு வருடமாகியும், ஒரு போத்தலின் அடியில் அவர் இன்னும்…" [முடிக்கவில்லை. கெட்டித்தனமாக எழுதுகிறேன் என்று எனக்கே தெரிந்தது. யோசெப்பின் அக்கா இதைப் படித்தால் எந்த முகத்தோடு அவருக்கு முன்னால் நிற்பது?]

"ஹென்றி வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்." [இது இருக்கட்டும். அழகில்லை. ஆனால் பொய்யும் இல்லை.]

2

ஹென்றி வீட்டில் பியர் காய்ச்சுகிறவர். மன்னார்க்காரர், பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை. எனக்கு உறவில்லை, ஒரே கோயிலுக்குப் போகிறோம், அவ்வளவுதான். மனைவி அக்னெஸ். ஹென்றியின் அக்கா யோசெப்பின் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அந்த அக்காவின் கணவர்தான் அல்பேட்.

ஹென்றி காய்ச்சுகிறவர் என்று எழுதியதும் சரியில்லை. அல்பேட் உயிரோடு இருந்தவரை காய்ச்சியது அல்பேட்தான். ஹென்றி அண்ணை பானை தூக்கினார், போத்தல் கழுவினார், சுவைத்துப் பார்த்துத் தலையாட்டினார். ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் பியர் காய்ச்சும் சாமான் விற்கிற கடையில் அல்பேட் ஒரே ஒரு முறை ஈஸ்ட் வாங்கினார்.* அதற்குப் பிறகு வாங்கவில்லை. ஒரு முறை காய்ச்சியதன் அடியில் தங்கும் மண்டியை எடுத்து அடுத்த முறைக்கு விட்டார். அதன் மண்டி அதற்கடுத்ததற்கு. இப்படியே வருடக்கணக்காக. அவருடைய பியரில் கனிந்த வாழைப்பழ மணம் ஒன்று இருக்கும். வேறு எவரும் அதே கடைச் சாமானை வைத்துக் காய்ச்சினாலும் அந்த மணம் வராது.

"இது கடைச் சாமான் இல்லை, மச்சான். இப்ப இது எங்கடை வீட்டுப் பிள்ளை," என்பாராம்.

ஒரு சனவரிக் காலையில் காரைச் சுற்றிக் கிடந்த பனியை அள்ளிக்கொண்டிருந்தவர், அள்ளிய குவியலின் மேலேயே களைப்பாறுகிறவரைப் போல உட்கார்ந்தார். எழும்பவில்லை. [இந்த இரண்டு வசனத்தையும் எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன். நீட்ட நீட்டப் பொய்யாகிறது. விட்டுவிட்டேன்.]

யோசெப்பின் அக்கா பானை, குழாய், மோல்ட் என்கிற முளைத்த பார்லி மூட்டை எல்லாவற்றையும் யார் யாருக்கோ கொடுத்துவிட்டார். இருந்த பியரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு வெறும் போத்தல்களைத் தெருவில் வைத்தார். அந்த மணத்தை அவரால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து ஒரு வருடம் அவர் ஒழுங்காகச் சாப்பிடவுமில்லை. பாணும் தேநீரும்தான்.

ஒரே ஒரு போத்தல் தப்பியது. ஹென்றி அண்ணை வீட்டில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, கழிவறை கழுவும் மருந்துக்குப் பின்னால்.

* இலங்கைப் பாடப்புத்தகத்தில் இதற்கு மதுவம் என்று பெயர். பரீட்சையில் எழுதி மாற்கு வாங்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு எந்தச் சமையலறையிலும் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை.

3

இப்போது கொஞ்சம் தொழில் விளக்கம். பொறுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பின்னால் நடப்பது உறைக்காது.

ஒரு பழைய போத்தலின் அடியில் இருக்கும் மண்டி நகக்கண் அளவுதான். அதை நேரே பெரிய பானைக்குள் விட்டால் ஒன்றும் நடக்காது. அதற்கு முதலில் சாப்பாடு கொடுத்துப் பெருக்க வேண்டும். அதைத்தான் ஸ்டாட்டர் வைப்பது என்கிறார்கள். ஹென்றி அண்ணை மோல்ட் தூளைத் தண்ணீரில் கொதிக்க வைத்து, பானையோடு தூக்கிப் பல்கனிப் பனிக்குள் புதைத்து ஆற்றினார். அத்தான் அல்பேட்டின் போத்தலை எடுத்து, கிருமி சாக அதன் வாயைச் சுற்றி லைட்டரால் சுட்டார். பியரை ஒரே சாய்ப்பில் கிளாசுக்குள் ஊற்றி, கடைசி விரற்கடையைப் போத்தலிலேயே நிறுத்தினார். ஊற்றிய பியரைக் குடித்தார். அழுதாரா என்று நான் கேட்கவில்லை. பிறகு அந்த விரற்கடையைக் கலக்கி, ஆறிய மோல்ட் தண்ணீர் இருந்த பெரிய கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டு, வாயை அலுமினியத் தாளால் மூடினார்.

வீட்டில் கணகணப்பான இடம் ஹீற்றருக்கு மேலே இருக்கும் தட்டு. அதில் ஏற்கெனவே மடு மாதா நிற்கிறார்.

"மாதாவுக்குப் பக்கத்திலையோ வைக்கிறியள்?" என்றார் அக்னெஸ் அக்கா.

"வேறை எங்கையப்பா வைக்கிறது? சூடு இஞ்சைதானே வருது."

"உங்கடை பியருக்கும் மாதாதான் காவலோ?"

"கானா ஊர்க் கலியாணத்திலை வைன் முடிஞ்சு போச்செண்டு மகனிட்டைச் சொன்னது ஆரப்பா?"

அக்னெஸ் அக்கா சிலையை ஒரு சாண் தள்ளி வைத்தார்.

அந்தப் பக்கம் போகும் போதெல்லாம் ஹென்றி அண்ணை போத்தலை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்குவார். முதலில் ஒன்றுமில்லை. செத்துவிட்டது என்றே நினைத்தார். பிறகு ஒரு காலை ஓரத்தில் மெல்லிய நுரை. அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். நான் வெங்காயத்துக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, அத்தான்ரை ஆள் உயிரோடை இருக்கு."

மேலும் மோல்ட் தண்ணீர் கொடுத்தார். பொங்கியது, அடங்கியது. கடைசியாகப் போத்தலைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தார். குளிரில் ஈஸ்ட் எல்லாம் கீழே இறங்கிவிடும். மேலே தேநீர் நிறத்தில் தெளிந்த நீர், கீழே கட்டியான வெள்ளை மண்டி. ஞாயிறு அத்தானின் ஆண்டுத் திருப்பலி. அது முடிந்த கையோடு காய்ச்சி, உயிர்ப்புப் பெருநாளான பாஸ்குவுக்கு அத்தானின் கூட்டாளிகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு போத்தல் கொடுப்பதென்பது திட்டம். அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

[கதை எழுதுவதும் ஸ்டாட்டர் வைப்பதும் ஒன்று என்று இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. கிழித்துவிட்டேன். ஈஸ்ட் ஈஸ்டாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.]

4

சனிக்கிழமை ஹென்றி அண்ணைக்கு வேலை. அக்னெஸ் அக்கா மறுநாளுக்காக அப்ப மா கரைத்தார். பூசைக்குப் பிறகு மச்சாள் யோசெப்பின் அவர்கள் வீட்டுக்கு வருவார். பாணைத் தவிர வேறு எதையாவது அவர் வாயில் வைக்கச் செய்ய வேண்டும் என்பதுதான் அக்னெஸ் அக்காவின் கவலை.

ஊரில் அப்ப மாவைக் கள்ளு விட்டுப் புளிக்க வைப்பார்கள். கள்ளிலும் மேலே நிற்பது அல்ல, அடியில் தங்கும் மண்டிதான் நல்லது. இங்கே பொட்டலத்து ஈஸ்டும் சீனியும். அப்பம் வரும், ஆனால் அது பாணின் தம்பி மாதிரி இருக்கும். அன்றைக்கு அக்னெஸ் அக்கா குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். மேலே தெளிந்த நீர், கீழே வெள்ளை மண்டி. அவர் சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகிய அதே கோலம். தெளிவை ஊற்றிவிட்டு, மண்டி முழுவதையும் மாவில் வழித்துவிட்டார். போத்தலைச் சுடுதண்ணீர் விட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கவிழ்த்தார். சுத்தமான மனிசி.

பின்னேரம் ஹென்றி அண்ணை வந்தார்.

"இஞ்சாரும், பிரிட்ஜுக்குள்ளை இருந்த போத்தல் எங்கை?"

"கழுவிக் கவிட்டு வைச்சிருக்கிறன். நல்ல மண்டியப்பா! இந்த நாட்டுக்கு வந்து இப்பிடி ஒரு மண்டி நான் காணேல்லை. மாவைப் பாருங்கோ, எப்பிடிப் பொங்கியிருக்கெண்டு."

அவர் மாவுச் சட்டியின் மூடியைத் திறந்தார். மா விளிம்புவரை வந்திருந்தது. வாழைப்பழ மணம். மூடியைத் திரும்ப வைத்துவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போய், தெருமுனையில் தெப்பனர் என்கிற சில்லறைக் கடை வாசலில் நின்று, ஈஸ்ட் விற்கிற கடைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தார். மாவிலிருந்து ஈஸ்டைத் திரும்ப எடுக்க முடியுமா என்று அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டார். அந்த மனிதர் கொஞ்சம் யோசித்து, "பெத்தெத்ர்" என்றாராம். இருக்கலாம். ஒரு அகப்பை மா கிடைத்தால் முயன்று பார்க்கலாம். சுட்ட அப்பத்தில் ஒன்றும் மிஞ்சாது. சூட்டில் எல்லாம் செத்துவிடும்.

அப்படியென்றால் உடனே வீட்டுக்கு வந்து ஒரு கோப்பை மாவை அள்ளி ஒளித்து வைப்பதுதானே? நீங்கள் கேட்பது நியாயம். மறுநாள் நானும் கேட்டேன்.

"அத்தான்ரை ஆண்டுச் சாப்பாடு, தம்பி. ஆக்கள் சாப்பிட முந்தி அதிலை கை வைக்கிறதோ? எங்கடை வீட்டிலை ஒருநாளும் செய்யேல்லை. அதோடை இவவிட்டைச் சொன்னா இவ அக்காவிட்டைச் சொல்லுவா. அக்கா பேந்து அந்த அப்பத்தைத் தொடுவாவே?"

"அப்ப என்ன செய்தனீங்கள்?"

"மிச்சம் வரும்தானே எண்டு இருந்திட்டன். இவ எப்பவும் ரெண்டு வீட்டுக்குக் காணக் கரைக்கிறவ."

5

இதுவரை எழுதியதை அக்னெஸ் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் பெயரைப் பயன்படுத்துவதால் அது முறை என்று நினைத்தேன். இனி எந்தக் கதைமாந்தரிடமும் எதையும் வாசித்துக் காட்டமாட்டேன்.

அவர் போஞ்சிக்காய் வெட்டிக்கொண்டே கேட்டார். நாலாம் பகுதி முடிந்ததும் கத்தியை வைத்தார்.

"தம்பி, நான் என்ன கண் தெரியாதவளோ? இவர் அந்தப் போத்தலை மாதாவுக்குப் பக்கத்திலை வைச்சுத் தாலாட்டினதை எவ்வளவு நாளாப் பார்த்துக்கொண்டு இருந்தனான்."

"அப்ப அது அல்பேட் அண்ணையின்ரை எண்டு தெரிஞ்சுதான் ஊத்தினீங்களோ, அக்கா?"

அவர் போஞ்சிக்காயை எடுத்துத் திரும்ப வெட்டத் தொடங்கினார். ஜன்னலுக்கு வெளியே யாரோ பனியில் புதைந்த காரை உறும விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தெரியாமல் ஊத்தினது எண்டே இருக்கட்டும். கதைதானே."

"இல்லை அக்கா, எனக்கு…"

"அல்பேட் அண்ணையின்ரை கூட்டாளிமார் ஆளுக்கொரு போத்தல் குடிச்சிட்டு ஏவறை விடுவினம். அவ்வளவுதான். மச்சாள் ஒரு வருசமாப் பாணும் தேத்தண்ணியும். அதையும் எழுதும்."

எழுதிவிட்டேன். மேலே, இரண்டாம் பகுதியில், இரண்டாவது முறையாகத் திருத்தும்போது சேர்த்தேன்.

ஆனால் என் கதை குலைந்துபோனது. எனக்குத் தேவைப்பட்டது ஒன்றும் தெரியாமல் தவறு செய்யும் அக்னெஸ். எனக்கு முன்னால் போஞ்சிக்காய் வெட்டிக்கொண்டிருந்தவர் எல்லாம் தெரிந்து, புருசனின் கோபத்தையும் கணக்கில் எடுத்து, செத்தவரின் ஈஸ்டைப் பெஞ்சாதிக்கே சாப்பாடாகக் கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்த அக்னெஸாக இருக்கலாம். கோபத்தில் சும்மா சொல்லியும் இருக்கலாம். இந்த இரண்டு அக்னெஸையும் வைத்துக்கொண்டு நாலாம் பகுதியைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நீங்களே இரண்டு பேரையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

6

ஞாயிறு. ஆண்டுத் திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்தோம். நானும் அழைக்கப்பட்டிருந்தேன். கோயிலிலிருந்து எதிர்பாராத ஆட்களும் கூடவே வந்துவிட்டார்கள். பெரிய குடும்பம் ஒன்று, பாட்டுக்குழுவில் பாதி. பூட்ஸ் எல்லாம் வாசலில் குவிந்து பனி உருகிக் குளமாகி நின்றது.

அக்னெஸ் அக்கா சுடச் சுட எடுத்துக் கொடுத்தார். அப்படி ஒரு அப்பத்தை நான் அதற்கு முன்னும் சாப்பிடவில்லை, பின்னும் சாப்பிடவில்லை. ஓரம் சருகு போல, நடு பஞ்சு போல. "என்ன போட்டனீங்கள்?" என்று எல்லோரும் கேட்டார்கள். யாரும் இரண்டோடு நிறுத்தவில்லை. ஒவ்வொரு அகப்பையும் அப்பச் சட்டியில் விழுந்து 'சொய்ங்' என்னும் போது ஹென்றி அண்ணையின் முகம் போகிற போக்கை நான் பார்த்தேன். அப்போது எனக்குக் காரணம் தெரியாது. மாவுச் சட்டியை எட்டிப் பார்ப்பதும், போய்ச் சோபாவில் உட்காருவதும், திரும்ப வருவதுமாக இருந்தார். கடைசியில் என்னைச் சமையலறை மூலைக்கு இழுத்துப் போய் முழுக் கதையையும் காதுக்குள் சொன்னார். என் கையில் மூன்றாவது அப்பம். பாதி வாயிலும் இருந்தது.

"இனி ஆரும் கேக்க மாட்டினம் எண்டு நினைக்கிறன்," என்றார். "ஒரு அகப்பை நிண்டாக் காணும், தம்பி. ஒரே ஒரு அகப்பை."

யோசெப்பின் அக்கா அதுவரை தொடவில்லை. கோயிற் சேலையில், கதிரையின் நுனியில், மடியில் வெறும் தட்டோடு இருந்தார். அக்னெஸ் அக்கா கேட்காமலே ஒரு அப்பத்தைக் கொண்டுபோய்த் தட்டில் வைத்தார். யோசெப்பின் அக்கா ஓரத்தில் கொஞ்சம் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோனவர், நிறுத்தி, முகர்ந்து பார்த்தார்.

"அக்னெஸ், இதிலை வாழைப்பழம் கலந்தனீரோ?"

"இல்லை, மச்சாள்."

அவர் அந்தத் துண்டை வாயில் வைத்தார். சாப்பிட்டார். சம்பல்கூட வைக்காமல், கடைசித் துண்டால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். பிறகு எழும்பிச் சமையலறைக்குள் வந்து தட்டை நீட்டினார். ஒரு வருடத்தில் முதல் முறையாக அந்த மனுசியின் முகத்தில் பசியைப் பார்த்தேன்.

"இன்னுமொண்டு இருக்கோ?"

அக்னெஸ் அக்கா மாவுச் சட்டியைச் சாய்த்து வழித்தார். அகப்பை நிறைந்தது. சட்டியில் அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவர் அந்த அகப்பையைத் தானே ஊற்றவில்லை. ஹென்றி அண்ணையிடம் நீட்டினார்.

"இந்தாங்கோ, நீங்களே ஊத்துங்கோ. அக்காவுக்கு."

7

இந்த இடத்தில் எனக்கு வேலைக்குப் போக நேரமாகிவிட்டது. கதைக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே. ஞாயிற்றில் பஸ் அபூர்வம், அதை விட்டால் மெட்ரோவுக்கு நடக்க வேண்டும். பூட்ஸை மாட்டி, தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். 'சொய்ங்' சத்தம் கேட்டதா? கேட்கவில்லை. ஆனால் தொப்பி தடித்தது, பாட்டுக்குழு வேறு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தது.

அதனால் சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: ஹென்றி அண்ணை உண்மையைச் சொல்கிறார். யோசெப்பின் அக்கா அழுகிறார். எல்லோரும் அழுகிறார்கள். [அடித்துவிட்டேன். அழுகையை வைத்துக் கதையை முடிக்கிறவன் அன்றைக்கு என்னைவிடக் களைத்தவனாக இருக்க வேண்டும்.]

முடிவு இரண்டு: "மா முடிஞ்சுது, அக்கா" என்று பொய் சொல்லி அகப்பையை ஒரு கோப்பைக்குள் கவிழ்க்கிறார். அந்த மாவிலிருந்து ஸ்டாட்டர் வைக்கிறார். பாஸ்குவுக்குப் பியர் வருகிறது. புளிக்கிறது. கூட்டாளிகள் அத்தானுக்காக முகம் சுளிக்காமல் குடிக்… [பாதியில் விட்டேன். அந்த இடம் முழுவதும் வெறுந்தட்டோடு ஒருவர் நிற்கிறார். அவரை எங்கே உட்கார வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.]

முடிவு மூன்று: ஊற்றுகிறார். அக்கா சாப்பிடுகிறார். வீட்டில் அத்தானின் மணம் கொஞ்ச நேரம் நின்று, பிறகு சம்பல் மணத்தில் கலந்து போய்விடுகிறது. ஹென்றி அண்ணை சட்டியைக் கழுவுகிறார். [இது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததால்தான் சந்தேகம். சுடப்போவது என் அத்தானை அல்ல. பெருந்தன்மை காட்ட எனக்கு என்ன உரிமை?]

ஹென்றி அண்ணையிடம் நேரே கேட்டிருக்கலாமே என்பீர்கள். அந்த வீட்டுக்கு அதற்குப் பிறகு எத்தனையோ முறை போய்விட்டேன். பிளேன் டீ தருவார்கள். மடு மாதா பழையபடி தட்டின் நடுவில் நிற்கிறார். தொட்டிக்குக் கீழே குனிந்து பார்த்தால் புதிதாகக் காய்ச்சிய ஒரு போத்தல் இருக்கிறதா இல்லையா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். நான் குனியவில்லை. முதுகு வலி என்று வைத்துக்கொள்ளுங்கள். பயம் என்றும் வைத்துக்கொள்ளலாம். எந்தப் பதில் வந்தாலும் ஒருவருக்குக் கிடைக்கவில்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கும். அதை எழுத எனக்கு இனி ஏலாது.

ஆகவே இதை இத்தோடு விடுகிறேன். நீங்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். நான் வெளியே பஸ் தரிப்பில் நிற்கிறேன், என்னால் எதையும் தடுக்க முடியாது. அகப்பையைப் பிடியுங்கள். கவனம், வழியும். அதற்குள் இருப்பது உயிரோடு இருக்கிறது, மெல்லிய குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் வெறும் கோப்பை. ஒரு பக்கம் அடுப்பு. அப்பச் சட்டி நன்றாகக் காய்ந்துவிட்டது.

யோசெப்பின் அக்கா நீட்டிய தட்டை இன்னும் இறக்கவில்லை.